தெரியாததெல்லாம் பிழை

“இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கா?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

“சுத்துது, சுத்துது. என் தலையும் சேந்து சுத்துது.”

பதிப்பக வட்டாரத்தில் அவரைச் சிவப்புப் பேனா என்றுதான் சொல்வார்கள். மெய்ப்புத் திருத்துவது தொழில். இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு திருத்திய தாவரவியல் அகராதி, மாலை ஐந்து மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இந்த நாள் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிஷம் திரையில் வட்டம் சுற்றியது.

“உங்க தம்பிக்கு ஒரு போன் போடுங்களேன்.”

“செத்தாலும் போட மாட்டேன்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் அந்தத் தம்பிதான். வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டு குடும்பமும் கூடியிருந்த இடத்தில் சிவப்புப் பேனா, “ஓசியில வந்தது எத்தனை நாளைக்குடா? உன்ன மாதிரியே இதுவும் உருப்படாது” என்றார். தமாஷ் என்று நினைத்துத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தம்பி மட்டும், “என்னன்னு புரிஞ்சுக்கிட்டுப் பேசுண்ணா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த வார்த்தையை ஏன் சொன்னோம் என்று அவர் வருந்தாத நாளில்லை. ஆனால் வீராப்பு விடுமா? அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. “பாத்தியா, அவன் இல்லாமலே ஓடுது” என்று மனைவியிடம் சொல்லிக்கொள்வார்.

இன்று ஓடவில்லை. லினக்ஸைப் புரிந்துகொள்வதற்காகவே வாங்கி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். நடுவில் கெர்னல், எந்திரத்தோடு நேரடியாகப் பேசுகிற ஆள் அதுதான். நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே சொல்ல ஷெல். பின்னால் ஓசைப்படாமல் உழைக்கிற சேவைகள். பயனர் ஒவ்வொருவருக்கும் தனி அறை, தனிச் சாவி. எல்லாச் சாவியும் வைத்திருக்கும் எஜமானுக்கு ரூட் என்று பெயர்.

“இவ்வளவுதானா? கூட்டுக் குடும்பம் மாதிரிதான் இருக்கு,” என்றார்.

கூட்டம் அதிகமானதால்தான் இழுக்கிறது என்று முடிவு கட்டினார். உள்ளே இருக்கும் நிரல்களின் பட்டியலை அச்செடுத்தார். நாலு பக்கம் வந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, புரியாத பெயரையெல்லாம் சரக் சரக்கென்று அடித்தார்.

மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரியாத வார்த்தைன்னா உடனே தப்பா?”

“இருபத்தஞ்சு வருஷமா அப்படித்தான் திருத்துறேன்.”

“அதான் புத்தகம் எழுதுறவங்க உங்ககிட்ட சண்டைக்கு வர்றாங்க.”

தம்பி எழுதிக் கொடுத்திருந்த ரூட் கடவுச்சொல்லைத் தேடி எடுத்து, அடித்ததை ஒவ்வொன்றாக நீக்கினார். முதலில் சத்தம் போனது. பிறகு பிரிண்டர் போனது. ஒன்பதாவதை நீக்கியதும் திரையில் தமிழ் எழுத்தெல்லாம் மறைந்து, வரிசை வரிசையாகக் கட்டங்கள் நின்றன. எண்ணூறு பக்க அகராதியில் ஒரு செடியின் பெயர்கூட மிச்சமில்லை.

“ஐயோ!” என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

என்ன செய்வதென்று புரியாமல் நின்ற மூன்றாவது நிமிஷம், எழுத்துகள் தாமாகத் திரும்பி வந்தன. பிரிண்டரும் கிர்ரென்று விழித்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் சாமியைக் கும்பிட்டுவிட்டு அகராதியை அனுப்பியிருப்பார்கள். சிவப்புப் பேனாவுக்கோ, அடித்ததை இன்னொருவர் திருப்பிப் போட்டால் ஆகவே ஆகாது.

“எவனோ உள்ள இருக்கான்!”

“எங்க உள்ள?” மனைவி கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள்.

“கம்ப்யூட்டர்லடி!”

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டளையைப் புத்தகத்தில் தேடித் தட்டினார். இரண்டு பேர். ஒன்று அவர். இன்னொன்று அவருக்குப் புரியாத ஒரு பெயர், பக்கத்தில் வரிசையாக எண்கள். இணையம் வழியாக வெளியிலிருந்து வந்திருக்கிறது.

“திருட்டுப் பய! என் அகராதிக்குத்தான் வந்திருக்கான்.”

“எனக்குப் பயமா இருக்குங்க. தம்பியைக் கூப்பிடுங்க.”

“எனக்கே புரிஞ்சுபோச்சு, அவன் எதுக்கு?”

ஏழாம் அத்தியாயத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டே தட்டினார். அந்த ஆளைத் துரத்தினார், அவன் கணக்கை அழித்தார், வெளியிலிருந்து வரும் வழியையும் அடைத்தார். முதல்முறையாக எல்லாக் கட்டளையும் ஒரே தடவையில் பலித்தன. நெஞ்சு நிமிர்ந்தது. திருடன் வைத்துவிட்டுப் போனதை மட்டும் வீட்டில் வைத்திருக்கலாமா? அவன் திருப்பிப் போட்ட அத்தனையையும் மறுபடி நீக்கினார்.

மறுபடி கட்டங்கள்.

இந்தத் தடவை அவர் பதறவில்லை. முன்போல வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தார். மூன்று நிமிஷம் ஆனது. பத்தானது. நாலரை மணிக்கு அச்சகத்திலிருந்து போன் செய்து கேட்டார்கள். “இதோ” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

“ரெண்டு வருஷ உழைப்பு போச்சு,” என்றார். கண் கலங்கியது. “அன்னைக்கு அவனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நல்லா இருந்த புள்ளைய நானே விரட்டிட்டேன். என் வாய்தான் எனக்கு எமன்.”

“இப்பவாவது பேசுங்க.” மனைவி போனைக் கையில் திணித்தாள்.

எண்ணைத் தேடுவதற்குள் அதுவே அடித்தது. தம்பியின் எண். மூன்று வருஷத்தில் முதல் அழைப்பு. அவசரமாக எடுத்து, “தம்பி...” என்றார்.

பேசியது தம்பி மகள்.

“பெரியப்பா, மூணு வருஷமா அப்பா தினமும் இங்கிருந்தே உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் சாப்பிடவே உக்காருவாரு, இன்னைக்கு எதுக்கு அவரை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினீங்க?”