இருபத்தெட்டு டிகிரிப் புரவலர்

உயிரிரக்கம் பெரும்பேறு. அஃது எல்லார்க்கும் வாய்ப்பதில்லை; வாய்த்தாலும், வீட்டில் எவர்மேல் பொழியும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலுவதில்லை. வாசகரே, அவ்விரக்கம் முழுவதையும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஊற்றி வைத்திருக்கும் இனத்தாரை உமக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன். மீன்தொட்டிப் புரவலர் என்பது நான் இட்ட பெயர். நீர் அவரைக் கண்டிருப்பீர். விருந்தினரை அமரச் சொல்லுமுன் தொட்டியின் விளக்கைப் போடுபவர் அவர். தேநீர் வருமுன் வெப்பமானியைக் காட்டுபவர் அவர். "கண்ணாடியத் தட்டாத கண்ணு, மீனு பயந்துக்கும்" என்று அதட்டி உம் குழந்தையைப் பயமுறுத்துபவரும் அவரே.

எங்கள் அதியமான்கோட்டையில் அவ்வினத்தின் திருவுரு மாதவராஜ். கிடைத்தற்கரிய கனியையும் பிறர்க்கு ஈந்த மன்னனின் பெயர் தாங்கிய ஊரில் பிறந்தவர் ஈகையில் குறை வைப்பாரா? நான்கடித் தொட்டியில் நீந்தும் டிஸ்கஸ் மீன்களுக்கு அவர் மின்சாரத்தை வாரி வழங்குகிறார். தட்டுப்போல் வட்டமான, எங்கோ ஒரு வெப்பநாட்டு ஆற்றின் வழிவந்த அம்மீன்களுக்கு நீர் இருபத்தெட்டு டிகிரியில் நிற்க வேண்டும். எங்கள் மார்கழி அதற்கு உடன்படுவதில்லை. ஆகவே தொட்டிக்குள் ஒரு ஹீட்டர் இரவும் பகலும் சிவந்த கண்ணோடு காவல் நிற்கிறது.

இதே பெருமான் ஒகேனக்கலுக்குப் பேருந்தேறிப் போனால், அருவியைக் காணுமுன் மீன் வறுக்கும் கடையைக் காண்பார். எண்ணெய்ச் சட்டியில் எத்தனை டிகிரி என்று அங்கே அவர் வினவியதாக வரலாறு இல்லை.

ஈகைக்குச் செலவு உண்டன்றோ? இரண்டு திங்களுக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க ஆள் வருவார். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் சட்டென்று ஒரு படி ஏறிவிடும். அந்த ஐந்நூறைப் புரவலர் எல்லைத்தெய்வமாக வழிபடுகிறார். அதற்குரிய பலிகளையும் தவறாது இடுகிறார். முதற்பலி இஸ்திரிப் பெட்டி. அதனால் வீட்டார் கசங்கிய உடையில் கல்யாணங்களுக்குச் சென்றனர். அடுத்தது கிரைண்டர், அதனால் மாவு கடையிலிருந்து பாக்கெட்டில் வந்து, இட்லி மனம் நொந்து தட்டையானது. இறுதியில் குளியலறைக் கீஸரின் சுவிட்சின்மேல் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாய் ஒட்டி, அதற்கும் கருமம் முடித்தார்.

இங்கேதான் அவர் மனைவி கனிமொழிக்கு இடர் வந்தது. பொம்மிடிப் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை அவர். இருள் பிரியுமுன் குளித்து முதற்பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். சென்ற மார்கழி முழுவதும் இருமிக்கொண்டே பாடம் நடத்தியவர். அவர் வேண்டியது ஒரு வாளி வெந்நீர். அவ்வளவே. அடுப்பில் காய்ச்சலாமென்றாலோ, கேஸ் விலையைக் குறித்தும் புரவலரிடம் ஒரு சொற்பொழிவு ஆயத்தமாக இருந்தது.

"ஏங்க, அந்தத் தொட்டி ஹீட்டரு ராவும் பகலும் ஓடுதே, அதுக்குக் கரண்டு ஆவாதுங்களா?"

"அது கரண்டு இல்ல கனி. அது உசுரு."

"அப்ப நானு?"

"நீ குளுருனா போர்வ போத்திக்குவ. அது போத்திக்குமா?"

போர்த்திக்கொண்டது. தொட்டியை மூன்று புறமும் மூடினால் சூடு வெளியேறாது, மின்சாரம் மிச்சமாகும் என்று கைப்பேசியில் எவரோ சொல்லக் கேட்டவர், தாய்வீட்டுச் சீராக மனைவி கொணர்ந்த கம்பளியை எடுத்து மீன்களுக்குப் போர்த்திவிட்டார். அறிவுரையில் பிழையில்லை. கம்பளிதான் கனிமொழியுடையது.

இத்தனை தவம் செய்தும் அம்முறையும் ஐந்நூறு தாண்டிற்று. புரவலர் திகைத்தார். வீட்டில் அணையாதது எது? ஒரு ஞாயிறு மாலை ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டு வெளியே வந்து மீட்டரின் முன் நின்றார். அதன் செவ்விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவ்வழியே வந்த பக்கத்து வீட்டு இளைஞன், மாது என்று பெயர், நின்று கேட்டான்:

"ஏனுங்கண்ணா, வூடே இருட்டா கெடக்குது? கரண்டு போயிருச்சுங்களா?"

"போவல மாது. எவனோ நம்ம லைன்ல கொக்கி போட்டுத் திருடறான். எல்லாத்தையும் அணைச்சாச்சு, இன்னும் மினுக்குது பாரு."

மாது சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "உள்ள மீன்தொட்டி ஹீட்டரு எரியுதுங்களே."

"அதத் தவிரதான் சொல்றேன்."

அதைத் தவிர! இச்சொல்லில் அன்றோ இவ்வினத்தாரின் வேதம் முழுதும் அடங்கியிருக்கிறது? மறுநாளே மீட்டர் பழுதென்று மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பமும் போயிற்று.

மார்கழி பிறந்தது. வைகறையில் எழுந்து தோழியரையும் எழுப்பி நீராடச் செல்வது நம் பெண்டிரின் தொன்மரபு. கனிமொழியும் மரபு வழுவாமல் ஒரு துணையை எழுப்பி அழைத்துச் சென்றார். திருப்பள்ளியெழுச்சிப் பாட்டு ஒலிபெருக்கியில் தவழ்ந்துவர, தொட்டியை வணங்க எழுந்த புரவலர் கம்பளியை விலக்கினார், அலறினார்.

"கனி! செம்பருத்தியக் காணோம்!"

செம்பருத்தி என்பது அவர்தம் செல்லச் சிவப்பு மீன்.

"இங்கதாங்க இருக்குது," என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "எங்கூடக் குளிக்க வந்திருக்குது."

ஓடிப் போய்ப் பார்த்தார். அரை வாளி மாடித் தொட்டித் தண்ணீர். அதன்மேல், கடையிலிருந்து வந்த நாளில் போலவே, தொட்டிநீர் ஊற்றிக் கட்டிய பாலிதீன் பைக்குள் செம்பருத்தி மிதந்துகொண்டிருந்தது.

"அடிப்பாவி! சில்லுனு ஏறுனா செத்துப்பூடுமே!"

"அப்பிடிங்களா? எவ்ளோ சில்லுனு இருக்குதுன்னு கைய வெச்சுப் பாருங்க."

வைத்தார். மணிக்கட்டு மூழ்குமுன் கையை உதறி எடுத்தார். அவ்வாளியின் வெப்பநிலையை அவர் அறிந்தது அதுவே முதன்முறை.

அதன்பின் நிகழ்ந்ததைக் கனிமொழி சுவரில் சாய்ந்து நின்று கண்குளிரக் கண்டார். பையைத் தூக்கி மீன்தொட்டியில் விடலாமென்பது அந்தப் பதற்றத்தில் புரவலர்க்குத் தோன்றவில்லை. செலோடேப்பைப் பல்லாலும் நகத்தாலும் பிய்த்தெறிந்தார். கீஸரைப் போட்டார். வெந்நீரைச் சொம்பு சொம்பாய் வாளியில் விளாவினார். வெப்பமானியை நனைத்து நனைத்துப் பார்த்து, நெற்றி வியர்வையைத் துடைத்தவாறு, "இருபத்தெட்டு வந்துருச்சு" என்று பெருமூச்செறிந்தார்.

"ரொம்ப நன்றிங்க," என்று பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார் கனிமொழி. "இத உள்ள வுட்டுட்டு வாங்க. எனக்கு இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துனா ஆவும். அத நானே ஊத்திக்கறேன்."

தாழ் விழுந்தது. உள்ளே நீர் விழும் ஓசையோடு பாட்டும் எழுந்தது. இருமல் இல்லை.

அன்றுமுதல் அவ்வீட்டில் கீஸர் தடையின்றி இயங்குகிறது. கேட்டால் புரவலர் சொல்வார்: "செம்பருத்தி எப்ப பாத்ரூமுக்குப் போவும்னு தெரியாதுங்களே!"

நகைக்கின்றீர். நன்று. இன்று மாலை உம் இல்லத்து விளக்கனைத்தையும் அணைத்துவிட்டு மீட்டரடியில் சற்று நின்று பாரும். மினுக்கும் செவ்விளக்கைக் காட்டி உம் துணைவியார் வினவுகையில், "அதைத் தவிர" என்று உம் நா எதைக் குறித்து எழுகிறதோ, அதன் பெயரை எனக்கும் எழுதியனுப்பும். தொட்டி வேறாயினும் இனம் ஒன்றே.

அதுவரை மாதவராஜர் மனை வாழ்க! மீன்கள் பல்குக! யூனிட்டுகள் ஐந்நூற்றுக்குள் அடங்குக! கம்பளி உரியவள் தோளை அடைக! வைகறைதோறும் அவ்வீட்டு வாளியில் ஆவி எழுக, எழுக!