எந்த ஃபோர்க்குங்க?

எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் இங்கிலீஷ் வார்த்தைகள் பள்ளிக்கூடம் வழியாக வந்ததைவிட, லாரியிலும் போர்வெல் வண்டியிலும் ஏறி வந்ததுதான் அதிகம். அப்படி வந்த வார்த்தைகள் டிக்‌ஷனரிக்குக் கட்டுப்படாது. இது தெரியாமல் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு, எனக்கு இங்கிலீஷ் வரும் என்ற தைரியத்தில் வேலைக்குப் போனவள் நான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளைக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் பட்டறை அது. போன் எடுப்பது, பில் போடுவது, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது என் வேலை. (சிரிப்பு மட்டும் நன்றாக வந்தது.)

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தான்சானியாவிலிருந்து நேமா என்ற அம்மா, தாங்கள் வாங்கிய வண்டிக்கான உதிரிப் பாகங்களைத் தன் கண்முன்னே கண்டெய்னரில் ஏற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. அவரை அழைத்துவர முதலாளி கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போனார். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வந்தது.

"கண்ணு, நாளைக்குக் காலையில மேடத்தைக் கூட்டிக்கிட்டு வாரேன். ஃபோர்க் ஒண்ணு சொல்லி வெச்சுரு. அது மட்டும் இல்லீன்னா மானம் போயிரும் பாத்துக்க."

திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். 'ஃபோர்க்குன்னா என்னங்க?' என்று கேட்கும் பட்டதாரியை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? ஃபிட்டர் செல்வராசு அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, ஃபோர்க்குன்னா எதைச் சொல்லுவாங்க?"

"பைக்குல முன்சக்கரத்தைப் புடிச்சிருக்குதே, அதுதான் ஃபோர்க்கு. ஏஞ்சாமி, வண்டியக் கொண்டுபோயி எங்காச்சும் முட்டிட்டியா?"

பக்கத்தில் கியர் பாக்ஸைப் பிரித்துக்கொண்டிருந்தவர் விடவில்லை. "ஃபோர்க்குன்னா கியரைத் தள்ளறதுதானுங்க. பைக்கெல்லாம் ஒரு வண்டியா?"

எனக்குத் தெரிந்த ஃபோர்க்கோ ஆய்வகத்தில் தட்டினால் 'ம்ம்ம்' என்று முனகும் டியூனிங் ஃபோர்க், அதாவது இசைக்கவை. வீட்டில் அம்மாவைக் கேட்டேன். "வெளிநாட்டுக்காரிக்கு முள்ளுக்கரண்டி இல்லாம சோறு போடுவீங்களா? அதுதாண்டி மானம் போற சமாச்சாரம்" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் எதற்கு வம்பு என்று, எல்லாவற்றையும் திரட்டிவிட்டேன். பாத்திரக் கடையில் வெல்வெட் பெட்டியோடு முள்கரண்டிகள். பழைய இரும்புக் கடையில் ஒரு பைக் ஃபோர்க். பட்டறையிலிருந்தே ஒரு கியர் ஃபோர்க். அறிவியல் டீச்சராக இருக்கும் எங்கள் அத்தை மகளிடம் கெஞ்சி ஓர் இசைக்கவை. (சொல்லி வைக்கச் சொன்னாரே, முள்கரண்டிக்கு யாராவது முன்கூட்டியே சொல்லி வைப்பார்களா என்று கடைசிவரை தோன்றவே இல்லை பாருங்கள்.)

காலையில் கார் வந்தது. நேமா இறங்கினார். இறங்கினார் என்பதைவிட, எழுந்தார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவு உயரம். ஆரஞ்சும் நீலமுமாக ஓர் அங்கி, தலையில் அதே துணியில் கட்டு, கை நிறைய வளையல். நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

கண்டெய்னர் லாரியும் வந்து நின்றது. மத்தியானத்துக்குள் கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கும். கனத்த மரப்பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன.

முதலாளி சுற்றிப் பார்த்தார். "ஃபோர்க் எங்க கண்ணு?"

"எந்த ஃபோர்க்குங்க?" என்று கேட்டுவிட்டு, பெருமையாக மேசையைக் காட்டினேன். வெள்ளைத் துணி விரித்து, எல்லா ஃபோர்க்கையும் அளவு வாரியாக அடுக்கியிருந்தேன்.

அவர் மேசையைப் பார்த்தார். மரப்பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கரண்டியில குத்தியா சாமி அந்தப் பொட்டிய ஏத்தப்போறோம்? நாஞ் சொன்னது ஃபோர்க்லிஃப்ட்டு!"

பட்டறையே சிரித்தது. கியர் பாக்ஸ்காரர் மட்டும் தன் ஃபோர்க்குக்கு மேசையில் இடம் கிடைத்த திருப்தியில் இருந்தார். நான் வேலை போய்விட்டது என்று முடிவு செய்து, அழுகையை எங்கே வைத்துக்கொள்வது என்று பார்த்தேன்.

முதலாளி பக்கத்துக் கோழித்தீவன மில்லுக்குப் போன் போட்டார். வண்டி இருக்கிறது, டிரைவர் கொல்லிமலை கோயிலுக்குப் போய்விட்டார், வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். செல்வராசு அண்ணன் போனார். ஒரு மஞ்சள் வண்டி, நேராக வர விருப்பமில்லாதது போல ஆடி ஆடி வந்து, எங்கள் தண்ணீர்த் தொட்டியை முட்டி நின்றது.

"ஏனுங்க, இதுல பின்சக்கரம் திரும்புதுங்க! மனுசன் ஓட்டறதுங்களா இது?" என்று அண்ணன் குதித்து இறங்கினார்.

நேமா மெல்ல வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அங்கியை முழங்காலுக்குச் சுருட்டி முடிந்தார். ஏறி உட்கார்ந்தார்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அடம்பிடித்த அதே வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு இரும்புக் கைகள் பெட்டிக்கு அடியில் சத்தமே இல்லாமல் நுழைந்தன. தூங்கும் பிள்ளையைத் தூக்குவது மாதிரி பெட்டி எழுந்தது, அரைவட்டம் திரும்பியது, கண்டெய்னருக்குள் போய் அமர்ந்தது. ஒரு மர விளிம்புகூடச் சிராய்க்கவில்லை. முதலாளி தன்னையறியாமல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சாமி வீதி உலா வரும்போதுதான் அவர் அப்படி நிற்பார்.

நேமா சின்ன வயதில் துறைமுகத்தில் இந்த வண்டியைத்தான் ஓட்டினாராம். அதில் சேர்த்த பணத்தில் வாங்கியதுதான் அவருடைய முதல் போர்வெல் வண்டி. கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு இறங்கியபோது சொன்னார். எனக்கு அவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டோம். வெல்வெட் பெட்டியை நீட்டினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்து, அழகாயிருக்கிறது என்று மூடிவிட்டு, பள்ளிபாளையம் சிக்கனைச் சோற்றோடு கையால் பிசைந்து சாப்பிட்டார். தங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றார். பிறகு இசைக்கவையைக் காட்டி, இது எதற்கு என்றார். தட்டி, அதன் அடிக்காம்பைத் தகர மேசைமேல் வைத்தேன். மேசை முழுக்கப் பாடியது. அவ்வளவு உயரமான பெண் குனிந்து, குழந்தை மாதிரி காதை மேசையில் வைத்துக் கேட்டார். "இன்னொரு தடவை" என்றார். என் பட்டத்துக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

லாரி நேரத்துக்கே கிளம்பியிருந்தது. என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அந்த இரண்டு இரும்புக் கைகள் எழுந்த விதம் என்னைத் தூங்கவிடவில்லை. தீவன மில் டிரைவர் கோயிலிலிருந்து திரும்பியதும் அவர் முன்னால் போய் நின்றேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முறையாகக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் எடுத்தேன்.

பிற்பாடு ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பிரியமாகக் கேட்டார். "வண்டியெல்லாம் ஓட்டுவியா கண்ணு?"

"ஓட்டுவனுங்க."

"நல்லதாப் போச்சு. கோயிலுக்குப் போறப்ப நான் பின்னாடி உக்காந்துக்குவேன்."

"பின்னாடி ஆகாதுங்க அத்தை. வேணும்னா முன்னாடி தூக்கிக்கறனுங்க."

எங்கள் அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப்போனது. கல்யாணம் நடந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமியார் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "பொண்ணு பாக்கப் போன எடத்துல என்னையத் தூக்கறேன்னு சொன்ன மருமவ இவதானுங்க."