அண்டாவைத் தின்ற காஸ்டிக் சோடா

அன்புள்ள மருமகள் கிருஷாந்திக்கு,

பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவான மேல்கணக்கின் லயத்து வீட்டிலிருந்து தாய்மாமன் ஆண்டியப்பன் எழுதுவது. நானும் உன் அத்தை ஜீவராணியும் ஆடுகளும் நலம். அண்டா மட்டும் நலமில்லை. ஹட்டனில் உங்களை மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

"அமிலமும் காரமும் உலோகத்த எப்புடி மாமா திங்குது?" என்று போனில் கேட்டாயே, கண்ணாலேயே பார்த்துவிட்டேன்! பூசைச் சமையலுக்குக் கீழ்கணக்குக் கோயிலில் அலுமினிய அண்டா ஒன்று இரவல் வாங்கியிருந்தோம், அதைப் பழுதில்லாமல் திருப்பிக் கொடுத்தால்தான் நம் கோயில் தேருக்கு அவர்களுடைய மேள செட் வரும், அண்டாவோ அடிப்பிடித்துக் கிடந்தது, புளி போட்டுத் தேய்க்கலாமென்றால் புளி அமிலம், பித்தளை விளக்கின் கறுப்பைக் கரைக்கிற மாதிரி அண்டாவையும் கரைத்துவிடுமோ என்று பயந்து, அமிலத்துக்கு எதிரி காரம்தானே, அது அண்டாவுக்குக் காவல் நிற்கும் என்று கணக்குப் போட்டு, குழாய் அடைப்பெடுக்க வைத்திருந்த காஸ்டிக் சோடாவை வெந்நீரோடு கொட்டினேன் பார்!

"என்னாங்க, அடுப்பே பத்த வைக்கல, அண்டா தன்னால கொதிக்குதுங்க! சாமி வந்துருச்சா?" என்று அத்தை அலறினாள். தோட்டப் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாண டீச்சர் ரோகினி ஓடிவந்து, "அண்ணை, தள்ளி நில்லுங்கோ! நெருப்புக்குச்சி தட்டாதேங்கோ!" என்று கத்தினார். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் உண்டாம், அதுதான் அதற்குக் கவசம், காரம் அந்தத் தோலைக் கரைத்துவிட்டு உள்ளேயிருக்கும் உலோகத்தைத் தின்னுமாம், தின்னும்போது ஐதரசன் வாயு குமிழ் குமிழாக வருமாம், தீப்பட்டால் வெடிக்குமாம். அமிலமும் அதே தோலைக் கரைக்குமாம். பாவம் அலுமினியம், அதற்கு இரண்டு பேருமே பகை! எவ்வளவு அதிசயம், கிருஷாந்தி! நீ மட்டும் தொட்டுப் பார்த்துவிடாதே, கையும் வெந்துபோகும்.

அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. கீழ்கணக்குத் தலைவர் செல்லசாமியிடம் ஓடினேன். "அண்டா வரலன்னா மேளமும் வராது" என்றார். எங்கள் கோயில் அண்டாவையே தருகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். சம்மதித்தார். தேர் ஓடும்!

அம்மாவுக்கும் மச்சானுக்கும் என் அன்பு. நீ நன்றாகப் படித்து, எதை எதில் ஊற்றக்கூடாது என்று தெரிந்த மனுஷியாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமா ஆண்டியப்பன்

பி.கு.: உன் அத்தை இப்போதுதான் சொல்கிறாள், ஓட்டை விழுந்தது நம் கோயில் அண்டாவாம்! இரவல் அண்டா பத்திரமாக இருக்கிறதாம். துள்ளிக் குதித்துப் போய் மூடியைத் திறந்தேன். தேரன்றைய அன்னதானத்துக்கு இரண்டு வாரமாக அதில் எலுமிச்சை ஊறுகாய் ஊறுகிறது. உள்ளே ஒரே அம்மைத் தழும்பு. அந்த ஊறுகாயில் ஒரு போத்தல் காலை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. யாரும் வாயில் வைக்காதீர்கள்.