நாற்பது நாற்காலிகளும் ஒரு ஜோஸ்லினும்

ஒரே ஒரு பெண்ணின் கவனத்தைச் சீர்படுத்துவதற்காக நாற்பது நாற்காலிகளை வாடகைக்கு எடுத்த அலுவலகம் உலக வரலாற்றில் ஒன்றுதான் உண்டு. அது போர்ட் பிளேரில் இருக்கிறது.

அந்தப் பெண் ஜோஸ்லின். அங்கே ஜங்லிகாட் பகுதியில் ஃப்ரிட்ஜும் டீப் ஃப்ரீசரும் பழுது பார்ப்பவள். ஓடும் சத்தத்தைக் கேட்டே கோளாறு என்னவென்று சொல்லிவிடுவாள். ஆனால் ஒன்றைத் திறந்து போட்டுவிட்டு நடுவில் இன்னொன்றையும் திறப்பாள். சென்னை மருத்துவர் ஒருவர் இதற்கு ஏ.டி.எச்.டி. என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவளுடைய கவனம் ஓரிடத்தில் நிற்காது, நின்றுவிட்டால் நகராது.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பெட்டியைக் கொண்டுவந்தவர் வேலை முடியும்வரை அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மீன் வியாபாரி அடைக்கலசாமி போன மாதம் நான்கு மணி நேரம் ஸ்டூலில் காத்திருந்து தன் ஃப்ரீசரை மீட்டுப் போனார். போகும்போது, "வைத்தியம் ஒனக்கா எனக்கா?" என்று கேட்டார்.

வேலையெல்லாம் வீட்டு வாசலில்தான். பழுதுக்கு வந்த பெட்டிகள் சாலையை அடைப்பதாக நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. மார்ச் முடிவதற்குள் அத்தனை பெட்டிகளையும் அகற்ற வேண்டும். கராச்சர்மா தொழிற்கூட வளாகத்தில் ஏழாம் எண் ஷெட் அவள் பெயரில் தற்காலிகமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அது நிலைக்க வேண்டுமானால் 'ஆரோக்கிய மனப்பாங்குச் சான்றிதழ்' தேவை. ஷெட் போனால் தொழிலும் போச்சு.

தொழில் ஊக்குவிப்புப் பிரிவின் துணை இயக்குநர் கிருஷ்ணமூர்த்தி அவளை எழுந்து நின்று வரவேற்றார்.

"ஏ.டி.எச்.டி. உள்ள தொழில்முனைவோருக்குன்னே தனியா மூணு நாள் பயிற்சிக்கு நிதி வந்திருக்கு மேடம். முடிச்சா உங்க சான்றிதழும் வந்துரும். மாசக் கடைசிக்குள்ள செலவாகணும். நீங்க கிடைச்சது எங்க பாக்கியம்."

"நான் ஒருத்திதானே சார் இருக்கேன்?"

"நாப்பது பேர்னு உத்தரவு. மீதி முப்பத்தொம்பது பேரை நாங்க ஏற்பாடு பண்ணிக்கிறோம்."

செய்தார்கள். ஹேடோ குடியிருப்பிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்தார்கள். ஓட்டுநர்களின் மனைவிமார் வந்தார்கள். கிருஷ்ணமூர்த்தியின் மைத்துனன் கௌதம் வந்தான். அலுவலகத்தில் டீ போடும் ஒச்சம்மாவும் வந்தாள். 'எனக்கு ஏ.டி.எச்.டி. உண்டு' என்ற படிவத்தில் அனைவரும் கையெழுத்திட்டார்கள். மதியம் பிரியாணி என்பதால் யாரும் உடல்நலத்தைக் காரணம் காட்டி மறுக்கவில்லை.

மனப்பாங்கு வழிகாட்டி அருண்பிரசாத் மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்கினார்.

"ஏ.டி.எச்.டி. ஒரு குறை அல்ல. வரம்," என்றார். பிறகு விதிமுறையை விளக்கினார். அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். அப்போது நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு டிக். மூன்று நாளில் மூன்று டிக் தவறினால் சான்றிதழ் இல்லை.

"வெற்றியாளர் சூரியனுக்கு முன்னால் எழுகிறார். காலை ஐந்து மணி. கும்மிருட்டு. அந்த இருட்டைக் கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள்."

"இங்க அஞ்சு மணிக்கே விடிஞ்சிரும் சார்," என்றாள் ஜோஸ்லின்.

அருண்பிரசாத் அவளைக் கனிவோடு பார்த்து, "எதிர்மறைச் சிந்தனை," என்று குறித்துக்கொண்டார்.

எதிரில் ஒருவரை உட்காரவைக்கும் தன் ஸ்டூல் முறையைப் பற்றியும் அவள் கேட்டுப் பார்த்தாள். அது 'சார்பு மனநிலை' என்று பதில் வந்தது. அன்று மதியம் சுவர் ஃபேனில் ஒரு கரகரப்பு. என்னவென்று பார்க்க எழுந்துபோனாள். மணி அடித்தது. மறுநாள் தண்ணீர் கூலர் முனகியது. மீண்டும் மணி.

"ஏத்தா, சும்மா ஒக்காரு," என்றாள் பக்கத்து நாற்காலி ஒச்சம்மா. "அந்தாளு மறுபடியும் பைட்டோ பைட்டோன்னு இந்தில ஒக்காரச் சொல்லிச் சத்தம் போடுவாரு. அந்தா கௌதமப் பாரு. மூணு வேளையும் ஒறக்கம். ஒரு டிக்கு போகல."

மூன்றாம் நாள் ஒச்சம்மா ஜோஸ்லினின் துப்பட்டாவை நாற்காலிக் காலோடு முடிச்சுப் போட்டுவிட்டாள். மதியம்வரை எல்லாம் சரியாக நடந்தது. 'புயலிலும் அசையாதிரு' என்ற பாடம் திரையில் வந்தபோது மின்சாரம் போயிற்று. வெளியே ஜெனரேட்டர் நான்கு முறை இருமி அடங்கியது. புழுக்கத்தில் நாற்பது பேரும் விசிறிக்கொண்டார்கள்.

"வெளிச்சம் வரும் என்று நம்புங்கள்," என்றார் அருண்பிரசாத்.

கிருஷ்ணமூர்த்தி குனிந்தபடி ஜோஸ்லினிடம் வந்தார். "மேடம், அந்த ஜெனரேட்டர கொஞ்சம் பாருங்க. ஜல்தி."

"டிக் போயிரும் சார். ஏற்கெனவே ரெண்டு போயிருச்சு, இன்னும் ஒண்ணு போனா சான்றிதழே இல்ல."

"அரே, நான் இருக்கேன்ல?"

அவள் முடிச்சை அவிழ்த்தாள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தது. குழாய்க்குள் காற்றும் புகுந்திருந்தது. கை வைத்த பிறகு அவளுக்கு வேறு எதுவும் கேட்கவில்லை, மணி உட்பட. நாற்பது நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடியது. கூடத்தில் வெளிச்சம் வந்தது. எல்லோரும் அருண்பிரசாத்துக்குக் கை தட்டினார்கள்.

மாலையில் சான்றிதழ் வழங்கும் விழா. ஜோஸ்லின் பெயர் வரவில்லை.

"நீங்கதானே சார் அனுப்பினீங்க?"

"கொஞ்சம் பாருங்கன்னுதான் சொன்னேன். ரிப்பேர் பண்ணச் சொன்னேனா?" என்றார் கிருஷ்ணமூர்த்தி வருத்தத்தோடு.

ஒச்சம்மா தன் சான்றிதழை நீட்டினாள். "ஐயா, எம்பேர அடிச்சிட்டு இவ பேர எழுதுங்க. டீ போட எனக்கு எதுக்கு மனப்பாங்கு?"

அரசு முத்திரை விழுந்த காகிதத்தில் பெயரை மாற்ற முடியாது என்றார்கள். ஒரு டிக்கும் தவறாத கௌதமுக்கு ஏழாம் எண் ஷெட் கிடைத்தது. என்ன தொழில் என்ற கட்டத்தில் 'பரிசீலனையில்' என்று எழுதியிருந்தான்.

மூன்று நாள் கழித்து மேலிடத்துக்குப் போகும் அறிக்கையின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஜோஸ்லின் நின்று, கவனம் சிதறாமல் முழுவதும் படித்தாள். பயனடைந்தோர் நாற்பது. ஏ.டி.எச்.டி. கட்டுக்குள் வந்தவர்கள் முப்பத்தொன்பது. வெற்றி விகிதம் தொண்ணூற்றேழரை சதவீதம்.

நேரே கிருஷ்ணமூர்த்தியின் அறைக்குப் போனாள்.

"சார், இந்த முப்பத்தொம்பது பேருக்கும் எப்ப வந்துச்சு?"

"ஃபாரத்துல கையெழுத்துப் போட்டப்ப."

"எப்பப் போச்சு?"

"மூணாம் நாள் சாயங்காலம்."

"எனக்கு மட்டும் ஏன் சார் போகல?"

கிருஷ்ணமூர்த்தி பேனாவை மூடி வைத்தார். குரலில் உண்மையான பரிவு இருந்தது.

"உங்களுக்கு நெஜமாவே இருக்கே மேடம். அதுக்கு இந்தத் திட்டத்துல இடமில்ல."