உலகத்தின் கடைசிப் பயனர்

மனைவி கோகிலவாணி கோபப்படாமல் சொன்னதுதான் வெற்றிவேலைப் பயமுறுத்தியது.

"கடையில நீங்க போட்டுக் குடுத்தீங்களே, அந்தப் பழைய கம்ப்யூட்டர், அது இன்னிக்குத் திறக்கல. ஏதோ டிஸ்க் ஃபார்மட் தெரியலன்னு வருது" என்றாள். அதே மூச்சில், அடுத்த வார வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய மயில் ப்ளவுஸ் இன்னும் முடியவில்லை என்றும் சொல்லிவிட்டு சாம்பார் தாளிக்கப் போய்விட்டாள்.

இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது வெற்றிவேல்தான்.

கோகிலவாணி தாம்பரம் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருந்தாள். கடையின் பழைய கம்ப்யூட்டர் உயிரை விடப் பார்த்தபோது, வெற்றிவேல் அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே ஒரே ஃபைலாக்கி, புதுக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுக் கொடுத்தான். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் அந்த மென்பொருளை உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து இலவசமாக எழுதுகிறார்கள். மாடம்பாக்கத்து மாடி அறையிலிருந்து எழுதுகிறவன் வெற்றிவேல். பழைய டிஸ்க் ஃபைல்களைப் படிக்கும் பகுதி அவன் பொறுப்பு.

அதில் ஒரு பழைய ஃபார்மட்டைப் போன மாதம் அவனே வெட்டி எறிந்திருந்தான். "இதை உலகத்தில் ஒருத்தரும் பயன்படுத்தவில்லை. இருந்தால் அவரை மியூசியத்தில்தான் தேட வேண்டும்" என்று குழுவில் எழுதிப் பாராட்டும் வாங்கினான். கடைக் கம்ப்யூட்டர் சமர்த்தாகப் புதுப் பதிப்பைத் தானே இறக்கிக்கொண்டது.

மியூசியம் இப்போது சமையலறையில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தது.

'நான்தான் நீக்கினேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். வெற்றிவேலுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு கல்யாணப் பெண்ணின் மயில் தன்னால் நின்றுபோனது என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது? யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தான்.

ஃபைலைப் புது ஃபார்மட்டுக்கு மாற்றப் பார்த்தான். மாற்றும் கருவியும் அதே பகுதியை நம்பித்தான் இருந்தது. அவன் வெட்டியதில் அதுவும் போயிருந்தது. வீட்டிலிருந்தபடியே கடைக் கம்ப்யூட்டரில் மென்பொருளின் பழைய பதிப்பை ஏற்றினான். அதற்கு மற்றதெல்லாம் ஒத்துப்போகாமல், பழைய கம்ப்யூட்டரும் திறக்கவில்லை, கடையில் பில் அடிக்கும் பிரிண்டரும் படுத்துவிட்டது. அதைக் கோகிலவாணி சொன்னபோது, "வெயில் ஜாஸ்தி" என்று ஒரு காரணம் சொன்னான். அவள் அதையும் நம்பினாள். அதில் அவனுக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

கடைசியில் ராஜகோபால் என்ற பொய்ப் பெயரில், ஃபார்மட்டைத் திருப்பித் தரும்படி குழுவில் கெஞ்சி எழுதினான். சற்று நேரத்தில் கூடுவாஞ்சேரியிலிருந்து சாலமன் போன் செய்தான். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரே குழுவில் எழுதுபவர்கள்.

"மச்சான், எவனோ ராஜகோபாலாம், பழைய ஃபார்மட் வேணும்னு அழுவுறான். உன் மியூசியம் டயலாக்கையே பதிலாப் போட்டு அந்த ரிக்வெஸ்ட்ட மூடிட்டேன்."

"ஏன்டா மூடின? நெஜமாவே கஷ்டத்துல இருந்தா?"

"நீதானடா சொன்ன, ஒருத்தனும் இல்லன்னு. அப்படி ஒரு ஆள் இருந்தா ஆதாரம் காட்டட்டும்."

வேறு வழியில்லை. வெற்றிவேல் தன் சொந்தப் பெயரிலேயே நீண்ட கடிதம் எழுதினான். தாம்பரத்தில் ஒரு சிறு கடை, அதை நடத்தும் ஒரு பெண், இந்த ஒரு ஃபைலை நம்பி நிற்கும் ஒரு கல்யாணம் என்று விவரித்தான். அந்தப் பெண் தன் மனைவி என்பதை மட்டும் விட்டுவிட்டான்.

குழு உருகிப்போனது. ஜெர்மனிக்காரர் மணமகளுக்கு வாழ்த்துச் சொன்னார். பிரேசில்காரர் மயிலின் படம் கேட்டார். ஃபார்மட்டைத் திரும்பச் சேர்க்க எல்லோரும் சம்மதித்தார்கள். ஒரே நிபந்தனை: இனி அதை நீக்கவே கூடாது, அதில் வரும் கோளாறுகளை எல்லாம் வெற்றிவேலே ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனான். கோகிலவாணி ஜரிகை வாங்க வெளியே போயிருந்தாள். மெஷினில் வேலை பார்க்கும் அமலராணி மட்டும் இருந்தாள். அவன் புதுப் பதிப்பைப் போட்டுத் தட்டினான். பிரிண்டருக்கும் உயிர் வந்தது. பழைய கம்ப்யூட்டரும் நீலத் திரையோடு முனகிக்கொண்டே திறந்தது. வெற்றிவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் பிழைத்தது, மானமும் பிழைத்தது.

"இனிமே மயிலப் போட்டுடலாம்மா" என்றான்.

"மயில் ப்ளவுஸ் நேத்தே குடுத்தாச்சே சார்" என்றாள் அமலராணி. "புது மெஷினுக்கு பென்டிரைவ் சொருவுனா போதும். அதுக்கு இந்தக் கம்ப்யூட்டரே வேணாம்."

பிறகு அவள் திரையை எட்டிப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

"மறுபடியும் வந்துடுச்சா சார் இது? தூக்கிப் போட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு அக்கா இத்தினி வருஷம் பொறுத்துக்கினு இருந்தாங்க. தானா நின்னுபோச்சுன்னு போன வாரந்தான் எங்க எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் குடுத்தாங்க."