தபால் வண்டியின் மறுவிற்பனை மதிப்பு

எடை அளவைச் சரிபார்ப்பு அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கடைக்காரர்களின் தராசு குண்டுமணி அளவு சாய்ந்தாலும் கண்டுபிடித்து அபராதம் போடுகிற அலுவலகம் அது. ஆகவே அங்கே எதையும் அவசரப்பட்டு மதிப்பிடுவது வழக்கமில்லை. பதினாறு வருஷமாக அந்த வண்டியில் கடிதக் கட்டுகளைச் சுமந்துகொண்டு திரிந்தவரை எல்லோரும் தபால் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். அதிகாரியும் அப்படித்தான் கூப்பிட்டார். அண்ணனைவிட அவர் இருபது வயது இளையவர்.

அண்ணனுக்கும் வண்டிக்கும் ஒரே மாதத்தில் ஓய்வு. வண்டியை ஏலம் விடலாம், எட்டாயிரம் போகும் என்று கோப்பில் எழுதியிருந்தார்கள். அண்ணனிடம் சரியாக எட்டாயிரம் இருந்தது. காஸ் அடுப்பு ரிப்பேர் பார்ப்பதில் அவர் கைதேர்ந்தவர். அந்த வண்டியில் வீடு வீடாகப் போய் அடுப்பைப் பார்த்துக் காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. புது வண்டி வாங்க வசதி இல்லை. வேறு பழைய வண்டியை அவர் நம்பத் தயாராயில்லை. இந்த வண்டியின் இருமல்கூட அவருக்கு அத்துப்படி. வண்டி நம்ம வீட்டுக்குத்தான் வரும் என்று அவர் மனைவி இரண்டு தெருவுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது.

இந்த நேரம் பார்த்து அதிகாரி செல்போனில் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தார். அதில் கண்ணாடி போட்ட ஒரு பையன், பழைய வண்டிக்கு அகலமான ஹேண்டில்பாரும் பளபளக்கும் சைலன்சரும் மாட்டி, வாங்கிய விலையைப்போல இரண்டு மடங்குக்கு விற்றதாகச் சொன்னான். அதிகாரிக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மறுநாளே, 'ஏலத்துக்கு முந்தைய மதிப்பு உயர்த்தும் பணிக்கான குழு' ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் அதிகாரி. உறுப்பினர் தலைமை எழுத்தர். தேநீருக்குத் தனியாக ஒதுக்கீடு.

அண்ணன் குழுவின் முன்னால் போய் நின்றார். வண்டி நன்றாக ஓடுகிறது, அப்படியே விட்டுவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். ஓடுவது பற்றிக் குழு விவாதிக்கவில்லை, மதிப்பு பற்றித்தான் விவாதிக்கிறது என்று தலைமை எழுத்தர் விளக்கினார்.

முதலில் ஹேண்டில்பார் மாறியது. புதியதைப் பிடித்து ஓட்ட, இரண்டு கைகளையும் யாரையோ கட்டிப்பிடிக்கப் போவதுபோல விரிக்க வேண்டியிருந்தது. பிறகு சைலன்சர், சீட், சிவப்பு டேங்க். கழற்றிய பாகங்களைச் சும்மா தூக்கிப் போட விதி இல்லை. பட்டியல் போட்டு, பலகையில் ஒட்டி, வியாழக்கிழமைதோறும் 'உபரிப் பொருள் விற்பனை'யில் விற்க வேண்டும். வாங்க யார் வருவார்கள்? அண்ணன் ஒருவர்தான் வந்தார். மனசு கேட்காமல்தான் வந்தார். பழைய ஹேண்டில்பாரை நாற்பது ரூபாய்க்கு வாங்கித் துண்டால் துடைத்து, சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முழுசாக வரும் என்றீர்களே, தவணையில் வருகிறதே என்றார்.

வியாழனுக்கு வியாழன் பாகங்கள் வந்துகொண்டே இருந்தன. குழு அகலச் சக்கரம் மாட்டியது. அந்தச் சக்கரத்தைச் சுழற்றப் பழைய இன்ஜினுக்குத் தெம்பு போதவில்லை என்று பெரிய இன்ஜின் வைத்தார்கள். பெரிய இன்ஜின் வண்டியின் பழைய இரும்புச் சட்டத்தில் உட்காரவில்லை என்று சட்டத்தையும் மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் கோப்பு, ஒப்புதல், முத்திரை. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஒவ்வொரு மாற்றத்தையும் தலைமை எழுத்தர் அழகான கையெழுத்தில் ஏற்றிவந்தார். அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு எண்ணிப் பார்த்தார். டேங்க் இருந்தது, சக்கரம் இருந்தது, இன்ஜின் இருந்தது, சட்டம் இருந்தது. ஆணி முதற்கொண்டு எல்லாம் இருந்தது. மொத்தச் செலவு ஆயிரத்து எழுநூற்று ஐம்பது. தெருமுனை மெக்கானிக் ஒரு பகலில் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். அண்ணன் வழக்கம்போல இடது தோளைக் கொஞ்சம் சாய்த்து ஒரே உதை உதைத்தார். வண்டி இருமியது, பிறகு ஓட ஆரம்பித்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனைவியை உட்காரவைத்து நான்கு தெரு சுற்றிவந்தார்.

ஏல நாள் வந்தது. அலுவலக வாசலில் சிவப்பு வண்டி நின்றது. ஆரம்ப விலை: பழைய மதிப்பு எட்டாயிரம், மாற்றங்கள் முப்பத்தோராயிரம், குழுவின் தேநீர் இரண்டாயிரம், ஆக நாற்பத்தோராயிரம். வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இது வண்டியா, கல்யாண மேடையா என்று ஒருவர் கேட்டார். விவரம் தெரிந்த வியாபாரி ஒருவர் குனிந்து, சட்டத்தில் பொறித்திருக்க வேண்டிய எண்ணைத் தேடினார். எண் இல்லை. எண் இல்லாததை யார் பெயருக்கும் மாற்ற முடியாது என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொண்டு அவர் போக, மற்றவர்களும் நகர்ந்துவிட்டார்கள்.

எண் எங்கே போனது? தலைமை எழுத்தர் கோப்பைப் புரட்டினார். பழைய சட்டத்தோடு போயிருந்தது. பழைய சட்டம் யாரிடம்? ரசீதில் தபால் அண்ணன் பெயர் இருந்தது. அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வண்டியிலேயே வந்து இறங்கினார், பாவம்.

அதிகாரி அறையில் விசாரணை நடந்தது. அண்ணன் பதினான்கு ரசீதுகளையும் மேஜைமேல் பரப்பினார். அதிகாரி ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்திப்பட்டார்.

"ரசீதெல்லாம் சரியா இருக்கு அண்ணே. உதிரி எல்லாம் உங்களுதுதான். அதுல சந்தேகமே இல்ல. ஆனா முழுசு எங்களுது."

"எல்லாத்தையும் சேர்த்தாதானே சார் முழுசு?"

"அதான் சொல்றேன். சேர்த்தது தப்பு. கட்டிலுக்கு அடியில கிடந்தவரைக்கும் அது பாகம். பூட்டின உடனே அது அலுவலக வண்டி. எண் எங்க இருக்கோ, வண்டி அங்கதான் இருக்கு."

"அப்போ வாசல்ல நிக்குறது என்ன சார்?"

அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "அது வண்டி இல்ல. அது மாற்றங்கள்."

பிறகு அவர் தீர்ப்பைச் சொன்னார். புத்தகப்படி அண்ணனிடம் இருப்பது முப்பத்தோராயிரத்துக்கு மேம்படுத்தப்பட்ட வண்டி. அதை ஒப்படைக்கலாம், அல்லது விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நெடுநாள் சேவையைக் கருதி இருபத்திரண்டாயிரம் போதும். வண்டியில் எந்த மேம்பாட்டையும் காணோமே என்று அண்ணன் முனகினார். அப்படியானால் அனுமதியில்லாமல் அவற்றை நீக்கிய குற்றமும் சேர்ந்துகொள்ளும், ஓய்வூதியக் கோப்பு வேறு இன்னும் கையெழுத்தாகவில்லை என்று தலைமை எழுத்தர் அன்போடு நினைவூட்டினார்.

"சரி, பணம் கட்டுறேன் சார். அப்போ அந்த மாற்றங்களையாவது கொடுத்துடுங்க. அதுக்கும் சேர்த்துத்தானே கட்டுறேன்?"

"அதெல்லாம் உங்க வண்டியோட மதிப்புல ஏற்கெனவே சேர்த்தாச்சே. ஒரே பொருளை ரெண்டு தடவை எப்படிக் கொடுக்க முடியும்?"

அண்ணன் ரசீதுகளை அடுக்கி எடுத்துக்கொண்டார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போயிருக்கலாம். ஆனால் அன்று மத்தியானம் நான்கு வீட்டில் அடுப்புப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கும் மேலே, பதினாறு வருஷம். ஓய்வுத் தொகையிலிருந்து இருபத்திரண்டாயிரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு, வண்டியின் பதிவுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

குழு தன் இறுதி அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பியது. மோட்டார் சைக்கிளை மாற்றியமைப்பது மறுவிற்பனையில் லாபகரமானதா என்பது கேள்வி. ஆம் என்பது விடை. எட்டாயிரம் மதிப்புள்ள வண்டி, மாற்றியமைத்த பிறகு இருபத்திரண்டாயிரத்துக்கு விற்றது. வாங்கியவர் அந்த வண்டியை நன்கு அறிந்தவர். முப்பத்தோராயிரம் செலவானது இன்னொரு கோப்பில் இருந்ததால் இந்த அறிக்கையில் வரவில்லை. திட்டத்தை எல்லாக் கிளைகளுக்கும் விரிவாக்க மேலிடம் உத்தரவிட்டது. அலுவலகத்தில் பாதிப்பேர் தங்கள் சொந்த ஸ்கூட்டருக்கே சைலன்சர் மாற்றினார்கள்.

அண்ணன் மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டாயிரம் கொடுத்து ஏமாந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவரிடம் வேலை நிறைய வந்தது. வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. ஆனாலும் அந்தத் தொகை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு சாயங்காலம் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தெருவில் வண்டியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, பழசா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. ஒருவேளை கொடுக்கிறதா இருந்தா என்ன விலை சொல்வீங்க?"

அண்ணன் உள்ளே போய்ப் பதிவுப் புத்தகத்தை எடுத்துவந்து விரித்தார்.

"இருபத்தஞ்சுக்குக் குறையாது."

"வண்டியில ஒண்ணுமே இல்லையே மாமா?"

"வண்டியை ஏன் பார்க்கிற? புத்தகத்தைப் பாரு."

மச்சான் ஒவ்வொரு வரியாகப் படித்தான். அவனும் போன வருஷம் தன் வண்டிக்குப் பதினைந்தாயிரம் செலவழித்து, ஒன்பதுக்குக்கூடக் கேட்க ஆளில்லாமல் வைத்திருப்பவன். படித்து முடித்து மரியாதையோடு புத்தகத்தை மூடினான்.

"நியாயமான விலைதான் மாமா. இதுவே இருபத்தஞ்சுன்னா, என்னோடது நாப்பது."

பக்கத்து வீட்டுக்காரர் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தம் ஸ்கூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அது ஐம்பது என்றார். யாரும் சிரிக்கவில்லை. அன்று அந்தத் தெருவில் வண்டி எதுவும் கைமாறவில்லை. எல்லா வண்டியின் விலையும் ஏறியது.