முலுண்ட் பார்சலைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்

மாட்டுங்கா,
புதன்கிழமை.

முலுண்ட் சம்பந்தி ஸ்ரீ அனந்தநாராயணன் அவர்களுக்கு, மாட்டுங்கா ஜகந்நாதன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் சுப்புலக்ஷ்மியும் குழந்தை வந்தனாவும் நேற்று சாயங்காலம் வரை சௌக்கியம். அவ்விடம் தாங்களும் பத்மஜா மாமியும் மாப்பிள்ளை நகுலும் திங்கட்கிழமை வரை சௌக்கியமாக இருந்திருப்பீர்கள்.

திங்கட்கிழமை என்று நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம், அன்று உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த சாக்குப் பார்சல். இன்னும் பிரிக்கவில்லையென்றால் தயவுசெய்து பிரிக்காமல் இந்தக் கடிதம் கொண்டுவரும் டெம்போக்காரரிடமே கொடுத்தனுப்பிவிடவும். பிரித்துவிட்டீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தை நிறுத்துவதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம்தான். எனக்கு நாக்குக் குழறும், தாங்களும் பாதியில் போனை வைத்துவிடுவீர்கள்.

தாங்கள் அறிந்ததுதான், எங்கள் பேட்டை சீனியர் சிட்டிசன்கள் சிலர் 'வாரக்கடைசியில் ஆப்பிரிக்கா: கைத்தொழிலும் சந்தையும்' என்ற டூரில் வெள்ளிக்கிழமை இரவு கிளம்பி தார் எஸ் ஸலாம் போனோம். லோனாவாலாவுக்கே ஆறு மாதம் யோசிக்கிற ஆசாமியான நான் இதற்கு ஒப்புக்கொண்டது ஒரே காரணத்துக்காக. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று மாமி ஷோகேஸில் இருந்த சந்தன யானையைப் பார்த்துவிட்டு, இது கறுப்பில் கிடைக்குமா என்று கேட்டார். சம்பந்தி கேட்டு இல்லையென்று சொல்லலாமா? கருங்காலி மரத்தில் செதுக்கிய யானையை ஆப்பிரிக்காவிலிருந்தே கொண்டுவந்து அசத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை முதலில் கூடை முடைகிற இடத்துக்கு அழைத்துப் போய், ஆளுக்குக் கொஞ்சம் ஓலையைக் கொடுத்து முடையச் சொன்னார்கள். நான் முடைந்ததைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மணி பார்க்கலாம் என்று கையைத் திருப்பினால் கடிகாரத்தைக் காணோம். அதையும் சேர்த்து முடைந்திருக்கிறேன். பிரித்தால் கூடை போய்விடும் என்று முடையச் சொல்லிக்கொடுத்த அம்மாள் பிரிக்க விடவில்லை. காது வைத்தால் உள்ளே ஓடுவது கேட்கிறது, மணி மட்டும் தெரிவதில்லை.

அங்கிருந்து மரச்சிற்பச் சந்தை. எங்களோடு வந்த ஷாகுல் ஹமீது தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருப்பவர், திருநெல்வேலிப் பக்கம், வியாபாரத்துக்காக அந்த ஊருக்கு முன்பே போய் வந்தவர். அவர் கடைக்காரர்களையெல்லாம் காக்கா, காக்கா என்று கூப்பிட, அவர்களும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் சொல்வார்களாம், அந்த ஊர் பாஷையிலும் அப்படியேவாம். நான் மட்டும் என்ன குறைச்சல்? அண்ணனை தாதா என்கிற நம் பம்பாய் மரியாதைப்படி, தாடி வைத்த ஒரு சிற்பியை 'தாதா' என்று அழைத்தேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அங்கே தாதா என்றால் அக்காவாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

அவரிடம் செய்து வைத்த யானைகள் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் தும்பிக்கை இடப்பக்கம். நிச்சயதார்த்தத்துக்கு வலம்புரிதானே விசேஷம்? பாதி செதுக்கியிருந்த ஒரு கட்டையைக் காட்டி, இதில் புதிதாகச் செய்து தரும்படி கேட்டேன். ஷாகுல் அதற்குள் தோல் கடைப் பக்கம் போய்விட்டார். சிற்பிக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு அவர் பாஷை வராது. ஆகவே அபிநயம் பிடித்தேன். காதுக்கு இரண்டு கையையும் தலையில் வைத்தேன், நாலு காலில் நின்றேன், கையை நீட்டி வலப்பக்கமாக வளைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நம் வழக்கப்படி "பக்கா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். இன்று ராத்திரியே கிடைக்குமா என்றேன். "ஹபானா" என்றார். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் ஒரு மனுஷன், பெண்ணுக்கு அப்பனா என்று பரிவோடு கேட்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆமாம், அப்பன்தான், ஒரே பெண், பெயர் வந்தனா என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஹபானா என்றால் 'இல்லை, முடியாது' என்று அர்த்தமாம்.

மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் சாக்கில் கட்டித் தைத்துத் தயாராகத் தந்தார். ஏர்போர்ட்டில் எக்ஸ்ரே திரையைப் பார்த்த அதிகாரி சிரித்துக்கொண்டே "பாக்கா" என்றார். அரசாங்க முத்திரை குத்திய மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் "பக்கா, பக்கா" என்றேன். பம்பாயில் இறங்கியதும், தாமதிக்கக் கூடாது என்று ஷாகுலின் டெம்போவிலேயே பார்சலை நேரே முலுண்டுக்கு ஏற்றிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் ஷாகுலுக்கு நன்றி சொல்லப் போன் செய்தபோது இந்த ஏர்போர்ட் பெருமையையும் சொன்னேன். அதற்கு அவர் கேட்டார்:

"சார்வாள், அந்த ஊரு பாஷையில பாக்கான்னா பூனைல்லா. பார்சல்ல என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாத்தியளா?"

யானைக்கும் பூனைக்கும் நடுவே இருந்தது ஒரு துணைக்கால்தான், சம்பந்தி. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. சுப்புலக்ஷ்மி தன் காப்பியை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, வாயத் தொறந்தா பக்கா பக்கான்னா அவன் பூனை பண்ணாம பின்ன என்ன பண்ணுவான்? ஆனைக்கொரு காலம் வந்தா பூனைக்கொரு காலம்."

ஆகவே அந்தச் சாக்குக்குள் இருப்பது ஒரு முழ உயரக் கறுப்புப் பூனை. பெண் வீட்டிலிருந்து, நிச்சயதார்த்தத்துக்கு முன்னால். பூனை குறுக்கே போனால் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வருகிற குடும்பம் எங்களுடையது. தாங்களோ ராகுகாலம் பார்த்து லிஃப்டில் ஏறுகிறவர் என்று கேள்வி. இருந்தாலும் ஒரு நியாயம் இருக்கிறது. பூனை குறுக்கே போனால்தான் அபசகுனம், மரப்பூனை எங்கே போகும்? டெம்போக்காரர் தூக்கிக்கொண்டு வந்தாரே என்று தாங்கள் கேட்கலாம். விசாரித்துவிட்டேன், அவர் லிஃப்டிலிருந்து நேராகத்தான் வந்திருக்கிறார். நேராக வந்தால் அது வருகை. மேலும், அதன் வால் வலப்பக்கமாகத்தான் வளைந்திருக்கும், அந்த விஷயத்தில் சிற்பி நாணயஸ்தர்.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. நகுலிடமிருந்து போன் வந்தால் வந்தனா பால்கனிக்குப் போய்ப் பேசுகிறாள். உள்ளே வரும்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கே இன்னொரு தடவை கல்யாணம் செய்துகொள்ளலாம் போல இருக்கிறது. அப்பன் வாய்க்கொழுப்புக்காக அந்த முகம் வாடக் கூடாது. தவறு என்னுடையது மட்டுமே, குழந்தைக்கு அந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. தாங்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்க வேண்டும். யானை ஒன்று காட்கோபரில் பார்த்து வைத்திருக்கிறேன்.

மாமிக்கு என் நமஸ்காரமும் சுப்புலக்ஷ்மியின் அன்பும். மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் பரிபூர்ண ஆசீர்வாதம், தாங்கள் இன்னும் மாப்பிள்ளை என்று சொல்ல அனுமதித்தால்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வாசலில் காத்திருக்கும்
ஜகந்நாதன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் பத்மஜா மாமி சுப்புலக்ஷ்மிக்குப் போன் செய்தார். பார்சலைத் திங்கட்கிழமையே பிரித்தாகிவிட்டதாம். உங்கள் வீட்டில் நிஜமாகவே இரண்டு பூனைகள் உண்டாம், ஒன்று கறுப்பாம். நாங்கள் வந்த அன்று, பெண் வீட்டார் மிரண்டு சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறார்களே என்று எதிர் ஃப்ளாட்டில் விட்டு வைத்திருந்தீர்களாம். அதை எப்படிச் சொல்வது என்று தாங்கள் தூங்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது, நாங்களே பூனையை அனுப்பி உங்கள் வயிற்றில் பாலை வார்த்துவிட்டோமாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் அழைத்து வருகிறீர்களாம். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்போது பெரிய மனசு பண்ண வேண்டியவன் நான், வந்தனா என் பக்கத்திலேயே நிற்பதால் பண்ணியும்விட்டேன். அவற்றை ஹாலுக்குள் நேராக மட்டும் கூட்டி வரவும். போனை வைக்கும்போது மாமி, "ஞாயித்துக்கிழமை பக்கா" என்றாராம். எந்த பாஷையில் சொன்னார் என்று கேட்டுத் தெரிவிக்கவும்.